ஒரு வேரில் நிலைத்த பெயர்

எங்கள் உம்மும்மாவின் அலுமாரியில் மருந்துக்கென்று இரண்டு தட்டுகள் உண்டு. மேல்தட்டில் மாதாந்தக் கிளினிக்கில் கொடுத்த பிறஷர் குளிசைகள் இருக்கும். கீழ்த்தட்டில் காய்ந்த இலைகளும் வேர்களும் பட்டைகளும் அடைத்த போத்தல்கள் இருக்கும். கிளினிக்குக்குப் போகும் நாளில் கீழ்த்தட்டைப் பற்றி அவர் மூச்சும் விடமாட்டார். நாட்டு மருந்து வாங்கப் போகும் நாளில் மேல்தட்டைப் பற்றிச் சொல்லமாட்டார். கேட்டால், இரண்டு பேருமே ஏசுவார்கள் மகள் என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவார்.

நம்மில் பலருடைய வீடுகளிலும் இப்படி இரண்டு தட்டுகள் இருக்கின்றன. ஒன்றை நம்புகிறவர்கள் மற்றதை இகழ்கிறார்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, எது உண்மை, எவ்வளவு உண்மை என்று ஆராய்ந்து பார்க்க ஒரு நூற்றாண்டுக்கு முன்பே விரும்பிய ஒரு பெரியார் இருந்தார். அவர் பெயர் ஹகீம் அஜ்மல் கான். குருதிக் கலன்களைத் தளர்த்தும் ஒரு தாவரப் பொருள் இன்றும் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பெயர் அதற்குச் சூட்டப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை.

பிறப்பும் கல்வியும்

அஜ்மல் கான் 1868ஆம் ஆண்டு டில்லியில் பிறந்தார். 1857இன் கிளர்ச்சிக்குப் பின்னர் முகலாய ஆட்சி முற்றாக முடிவுக்கு வந்து, டில்லி தன் பழைய பெருமையை இழந்து நின்ற காலம் அது. அரண்மனை போய்விட்டது. ஆனால் அந்த அரண்மனைக்கு வைத்தியம் பார்த்த குடும்பங்கள் இருந்தன. அவற்றுள் முதன்மையானது ஷரீபி குடும்பம். முகலாய அரசவையில் வைத்தியராக விளங்கிய ஹகீம் ஷரீப் கானின் வழிவந்த இக்குடும்பத்தினர், பழைய டில்லியின் பல்லிமாரான் தெருவில் ஷரீப் மன்ஸில் என்ற இல்லத்தில் வாழ்ந்தனர். அஜ்மல் கானின் தந்தை ஹகீம் மஹ்மூத் கானும், மூத்த சகோதரர்களும் புகழ்பெற்ற ஹகீம்களே.

சிறுவயதில் அல்குர்ஆனை மனனம் செய்து ஹாபிழானார். அரபு, பாரசீக மொழிகளைக் கற்றார். பின்னர் குடும்பத்து மூத்தோரிடமே யூனானி மருத்துவம் பயின்றார். யூனானி என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தைச் சேர்ந்தது என்று பொருள். கிரேக்க மருத்துவர்களின் அறிவை அரபு மொழிக்குக் கொண்டுவந்து, அதைச் சோதித்தும் திருத்தியும் விரித்தும் வளர்த்தவர்கள் முஸ்லிம் அறிஞர்கள். இப்னு ஸீனாவின் மருத்துவப் பெருநூலான அல்கானூன் அந்த வளர்ச்சியின் உச்சம். அந்த நூலை வீட்டுச் சொத்தாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த அஜ்மல் கான், ஓய்வு நேரத்தில் ஷைதா என்ற புனைபெயரில் உருதுவிலும் பாரசீகத்திலும் கவிதையும் எழுதினார்.

விரல் நுனியில் ஒரு கலை

1892இல் ராம்பூர் நவாபின் தலைமை வைத்தியராக அவர் அழைக்கப்பட்டார். சுமார் பத்து ஆண்டுகள் அங்கு பணியாற்றினார். அரிய அரபு, பாரசீகக் கையெழுத்துப் பிரதிகள் நிறைந்த ராம்பூர் நூலகத்தின் பொறுப்பும் அவரிடம் இருந்தது. பகலில் நோயாளர், இரவில் நூல்கள் என்று அந்த ஆண்டுகள் கழிந்தன.

அக்காலத்து ஹகீம் ஒருவரின் பெரிய கருவி அவருடைய விரல் நுனிதான். நோயாளியின் மணிக்கட்டில் விரல்களை வைத்து, நாடி வேகமாகத் துடிக்கிறதா, மெதுவாகத் துடிக்கிறதா, விரலுக்கடியில் அது விறைப்பாக இருக்கிறதா, இளகி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம் தமிழில் நாடி என்றால் துடிப்பும்தான், இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லும் கலனும்தான். ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துவதில் ஓர் உண்மை இருக்கிறது. ஹகீமின் விரல் தொட்டது குருதிக் கலனின் சுவரைத்தான். கையில் பட்டி கட்டிக் குருதியமுக்கத்தை அளக்கும் கருவி இத்தாலியில் 1896இல்தான் உருவானது. அதற்கு முன்னர், நாடி இறுகியிருக்கிறது என்பதை அறிய விரலைத் தவிர வேறு வழி அநேகமாக இருக்கவில்லை.

நாடி பார்ப்பதில் அஜ்மல் கானின் திறமை பற்றிப் பல கதைகள் உள்ளன. அரசர்களும் நவாபுகளும் தம்மிடம் வரும்படி அழைத்தால் பெருந்தொகை கட்டணமாகப் பெறுவார் என்றும், டில்லியில் தன் வீட்டுக்கு வரும் ஏழைகளிடம் எதுவும் வாங்கமாட்டார் என்றும் கூறுவர்.

திரும்பி வந்த டில்லி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய மூத்த சகோதரர்கள் அடுத்தடுத்து வபாத்தானார்கள். மூத்தவர் ஹகீம் அப்துல் மஜீத் கான் 1880களில் டில்லியில் தொடங்கியிருந்த மத்ரஸா திப்பிய்யா என்ற மருத்துவக் கல்லூரியின் பொறுப்பு அஜ்மல் கானின் தோளில் விழுந்தது.

அது சோதனையான காலம். ஆங்கிலேய ஆட்சியின் ஆதரவோடு மேற்கத்திய மருத்துவம் வேகமாகப் பரவியது. மேற்கத்திய முறையில் படித்தவர்களை மட்டுமே வைத்தியர்களாகப் பதிவு செய்யும் சட்டம் பம்பாய் மாகாணத்தில் கொண்டுவரப்பட்டது. யூனானி ஹகீம்களும் ஆயுர்வேத வைத்தியர்களும் நாளடைவில் போலி வைத்தியர்களாகக் கருதப்படும் நிலை உருவாகலாம் என்ற அச்சம் எழுந்தது. இருசாராரையும் அஜ்மல் கான் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தார். 1910இல் அவர் அமைத்த அகில இந்திய ஆயுர்வேத யூனானி மாநாட்டில் முஸ்லிம் ஹகீம்களும் இந்து வைத்தியர்களும் ஒன்றாக அமர்ந்து தமது உரிமைக்காகக் குரல் கொடுத்தார்கள்.

இத்துடன் அவர் நின்றிருந்தால், தன் குலத்தொழிலைக் காத்த ஒரு தலைவர் என்று மட்டுமே வரலாறு அவரைக் குறித்திருக்கும். அவர் அதற்கு மேலும் ஒரு படி போனார். வெளியாரிடம் மரபுக்காக வாதாடியவர், தன் சொந்த ஆட்களிடம் அதன் குறைகளைப் பற்றிப் பேசினார். ஹகீம்கள் உடற்கூற்றியலைப் படிக்க வேண்டும், சத்திரசிகிச்சையைக் கற்க வேண்டும், தங்கள் மருந்துகளைப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்றார். மேற்கத்திய முறையைக் கலந்தால் யூனானியின் தூய்மை கெட்டுவிடும் என்று கருதிய ஹகீம்கள் லக்னோவிலும் வேறிடங்களிலும் இருந்தார்கள். எதிரியிடம் வாதாடுவது இலகு. தன் குடும்பத்துக்குப் புகழும் செல்வமும் தந்த ஒன்றைத் தானே கேள்விக்கு உட்படுத்துவது இலகுவல்ல.

பெண்களுக்காக ஒரு பள்ளி

ஒரு பெண்கள் கல்லூரியின் சஞ்சிகையில் குறிப்பிட்டே ஆகவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1909இல் அஜ்மல் கான் டில்லியில் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அன்றைய பர்தா வழக்கத்தில் எத்தனையோ பெண்கள் ஆண் வைத்தியரிடம் செல்லாமலே நோயுடன் வாழ்ந்தார்கள். பிரசவம் முழுக்க மருத்துவச்சிகளின் கையில் இருந்தது. சுத்தம் பற்றியோ உடலமைப்பு பற்றியோ அவர்களுக்கு முறையான பயிற்சி எதுவும் கிடைத்ததில்லை. அதனால் தாய்மாரும் சிசுக்களும் இறந்தார்கள். அந்த மருத்துவச்சிகளுக்கு முறையான கல்வி கொடுப்பதே அப்பள்ளியின் முதல் நோக்கமாக இருந்தது. மார்க்கத்தின் வரம்பைப் பேணியபடியே பெண்ணின் உயிரைக் காப்பாற்ற வழியுண்டு, அந்த வழி பெண்ணுக்குக் கல்வி கொடுப்பது என்று அவர் கண்டார்.

ஐரோப்பாவில் ஒரு ஹகீம்

1911இல் அவர் ஐரோப்பாவுக்குப் பயணமானார். இலண்டன், பாரிஸ், பேர்லின், வியன்னா ஆகிய நகரங்களின் வைத்தியசாலைகளையும் மருத்துவக் கல்லூரிகளையும் பார்வையிட்டார். திரும்பும் வழியில் துருக்கிக்கும் எகிப்துக்கும் சென்றார். தன் கல்லூரியை எப்படி அமைக்க வேண்டும் என்பதை நேரில் கண்டு அறிவதே பயண நோக்கம்.

இலண்டன் சாரிங் குறொஸ் வைத்தியசாலையில் அப்போது டாக்டர் முக்தார் அஹ்மத் அன்ஸாரி என்ற இந்திய முஸ்லிம் வைத்தியர் பணியாற்றிக்கொண்டிருந்தார். அங்கு நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். மூத்த சத்திரசிகிச்சை நிபுணரான டாக்டர் ஸ்டான்லி பொய்ட், ஒரு நோயாளியைப் பரிசோதிக்கும்படி அஜ்மல் கானிடம் விட்டாராம். பித்தப்பையில்தான் நோய் என்பது நிபுணரின் கணிப்பு. சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் உள்ள பழைய புண் என்பது ஹகீமின் கணிப்பு. சத்திரசிகிச்சையில் வயிற்றைத் திறந்து பார்த்தபோது ஹகீமே சரியென்று தெரிந்தது. தோற்ற நிபுணர் அவரை விருந்துக்கு அழைத்துக் கௌரவித்தாராம்.

இந்தக் கதையைச் சொல்லி நம்மவர்கள் பெருமைப்படுவார்கள். ஆனால் அஜ்மல் கான் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறாக இருந்திருக்க வேண்டும். யார் சொன்னது சரி என்பதை அங்கே முடிவு செய்தது பரம்பரையுமல்ல, பட்டமுமல்ல. திறந்து பார்த்ததுதான் முடிவு செய்தது. அவர் நாடு திரும்பியபின் செய்த காரியங்கள் அந்த வழியிலேயே அமைந்தன.

ஒரே கூரையின் கீழ்

டில்லி கரோல் பாக் பகுதியில் புதிய கல்லூரிக்கு 1916 மார்ச் 29ஆம் திகதி அன்றைய வைஸ்ரோய் ஹார்டிஞ்ச் பிரபு அடிக்கல் நாட்டினார். அதன் பெயர் ஆயுர்வேத யூனானி திப்பிய்யாக் கல்லூரி. இரு மரபுகளும் ஒரே கூரையின் கீழ். அத்துடன் உடற்கூற்றியலும் சத்திரசிகிச்சையும். ஹிந்துஸ்தானி தவாகானா என்ற மருந்துச்சாலையின் வருமானம் இக்கல்லூரிக்குச் சென்றது.

1921 பெப்ரவரி 13இல் கல்லூரியைத் திறந்துவைத்தவர் மகாத்மா காந்தி. மேற்கத்திய விஞ்ஞானிகளின் ஆய்வு மனப்பான்மையை அவர் அங்கு பாராட்டினார். அதே மனப்பான்மை நம் நாட்டு ஹகீம்களிடமும் வைத்தியர்களிடமும் போதாது என்று வருந்தினார். மரபு மருத்துவக் கல்லூரி ஒன்றின் திறப்பு விழாவில் இப்படிப் பேசுவது எத்தனை பேருக்குப் பிடித்திருக்கும்? அஜ்மல் கானுக்கு அது புதிதல்ல. அவரும் அதையே சொல்லி வந்தவர்.

அடிக்கல் நாட்டியவர் ஆங்கிலேய ஆட்சியின் பிரதிநிதி. திறந்து வைத்தவர் அந்த ஆட்சியை எதிர்த்தவர். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் அஜ்மல் கானின் வாழ்வும் அவ்வாறே மாறியிருந்தது. ஆங்கிலேய அரசு தமக்கு வழங்கியிருந்த ஹாஸிகுல் முல்க் என்ற பட்டத்தை அவர் 1920இல் திருப்பிக் கொடுத்தார். மக்கள் அவருக்கு மஸீஹுல் முல்க் என்ற பட்டத்தைச் சூட்டினார்கள். நாட்டின் நோய் தீர்ப்பவர் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 1919இல் முஸ்லிம் லீக்கின் மாநாட்டுக்கும், 1921இல் அஹமதாபாத் காங்கிரஸ் மாநாட்டுக்கும் தலைமை தாங்கினார். கிலாபத் இயக்கத்திலும் முன்னணியில் நின்றார். 1920 ஒக்டோபர் 29இல் அலிகரில் உருவான ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் முதலாவது வேந்தரும் அவரே. கிலாபத் இயக்கம் தளர்ந்து பணம் வற்றியபோது, அந்தக் கல்விக்கூடத்தை மூடிவிடலாம் என்று பலர் நினைத்தார்கள். அவர் 1925இல் அதை டில்லிக்குக் கொண்டுவந்து, தன் சொந்தப் பணத்தையும் கொடுத்துக் காப்பாற்றினார். இன்று அது இந்தியாவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களுள் ஒன்று.

இளம் இரசாயனவியலாளர்

கல்லூரி எழுந்துவிட்டது. ஆனால் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகூடம் வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். லக்னோவை அடுத்த ஒரு கிராமத்தில் 1897இல் பிறந்த ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி என்ற இளைஞர், அலிகரில் தத்துவமும் பாரசீகமும் படித்தபின், இலண்டனுக்கும் பின்னர் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகருக்கும் சென்று இரசாயனவியல் பயின்றார். 1927இல் அங்கே கலாநிதிப் பட்டம் பெற்றார். ஓவியராகவும் விளங்கிய அவரைத் திப்பிய்யாக் கல்லூரியில் ஓர் ஆய்வு நிறுவகத்தை அமைக்கும்படி அஜ்மல் கான் ஊக்குவித்தார்.

ஆனால் அந்த ஆய்வுகளின் பலனைக் காண அவருக்கு ஆயுள் எழுதப்பட்டிருக்கவில்லை. 1927 டிசம்பர் 29ஆம் திகதி, தன் இளமைக்காலப் பணி தொடங்கிய அதே ராம்பூரில், இருதய நோயினால் அவர் வபாத்தானார். ஜனாஸா டில்லிக்குக் கொண்டுவரப்பட்டு நல்லடக்கம் செய்யப்பட்டது. எத்தனையோ பேரின் நாடியை நிதானித்த மனிதரைத் தன் இருதயமே கைவிட்டது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

வேருக்குள் இருந்தது என்ன?

ஸித்தீக்கி கையில் எடுத்த தாவரம் சர்ப்பகந்தா. விஞ்ஞானப் பெயர் ரோவோல்பியா சேர்ப்பென்ரினா. இடுப்பளவுக்கும் உயராத சிறு செடி. வெண்மையும் செம்மையும் கலந்த பூக்கள். மிகவும் கசப்பான வேர். இந்தியாவில் மட்டுமல்ல, நம் இலங்கையிலும் இயற்கையாக வளர்வது. சிங்களத்தில் இதை ஏகவேரிய என்பார்கள். பாம்புக்கடிக்கும், மனநோய்க்கும், தூக்கமின்மைக்கும் இதன் வேரை நூற்றாண்டுகளாகக் கொடுத்து வந்தார்கள். பீகார் பக்கத்தில் பைத்தியத்துக்கான மருந்து என்ற பொருளிலேயே அதற்கு ஒரு பெயர் உண்டு.

வேரில் நூற்றுக்கணக்கான பொருட்கள் கலந்திருக்கும். அவற்றுள் வேலை செய்வது எது? தாவரங்களில் உள்ள அல்கலொயிட் என்ற சேர்வைகள் மூல இயல்புள்ளவை. அமிலத்துடன் சேரும்போது உப்பாக மாறி நீரில் கரையும். காரம் சேர்த்தால் மீண்டும் கரைசலிலிருந்து பிரிந்துவிடும். உயர்தரத்தில் இரசாயனவியல் கற்கும் எந்த மாணவிக்கும் விளங்கும் இந்த எளிய தத்துவமே, ஒரு மூட்டை வேரிலிருந்து சில கிராம் பளிங்குகளைப் பிரித்தெடுக்கும் வழி.

1931இல் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கியும் ரபத் ஹுஸைன் ஸித்தீக்கியும் சர்ப்பகந்தா வேரிலிருந்து ஐந்து அல்கலொயிட்களைப் பிரித்தெடுத்ததை அறிவித்தார்கள். மஞ்சள் நிறமான இரண்டுக்கும் செடியின் பெயரைத் தழுவி சேர்ப்பென்ரைன், சேர்ப்பென்ரினைன் என்று பெயரிட்டார்கள். வெண்மையான மூன்றுக்கும் அஜ்மலைன், அஜ்மலினைன், அஜ்மலிசின் என்று பெயரிட்டார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் மறைந்த பெரியாருக்கு அந்த மாணவர் செலுத்திய நன்றிக்கடன் அது.

இறுகும் கலன், தளரும் கலன்

இம்மூன்றில் நம் தலைப்புக்கு மிக நெருக்கமானது அஜ்மலிசின். அது என்ன செய்கிறது என்பது பிற்காலத்து ஆய்வுகளால் தெளிவானது.

நம் சிறு நாடிகளின் சுவரில் மழமழப்பான தசை வளையம் போல் சுற்றியிருக்கிறது. பரிவு நரம்புகளின் முனையிலிருந்து நோர்அதிரினலின் வெளிவந்து, அத்தசைக் கலங்களில் உள்ள அல்பா வாங்கிகளில் சேரும்போது தசை சுருங்குகிறது, கலன் ஒடுங்குகிறது. ஒடுங்கிய குழாயில் குருதியைத் தள்ள இருதயம் அதிகம் பாடுபட வேண்டும். பாய்மங்களின் பிசுக்குமை பற்றிய பாடத்தில் நாம் படிக்கும் சூத்திரப்படி, குழாயின் ஆரை பாதியானால் பாய்ச்சலுக்கான தடை 16 மடங்காகும். நூற்றுக்குப் பத்து குறைந்தாலே தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். உம்மும்மாவின் பிறஷர் ஏறுவதற்குக் கலன்கள் முற்றாக அடைபட வேண்டியதில்லை. சிறிது இறுகினாலே போதும்.

அஜ்மலிசின் அந்த அல்பா வாங்கிகளில் போய் அமர்ந்துகொள்கிறது. பூட்டின் துவாரத்தில் வேறொரு சாவி செருகியிருந்தால் சரியான சாவி நுழைய முடியாதல்லவா? அதுபோல நோர்அதிரினலினின் கட்டளை தசைக்குப் போய்ச் சேர்வதில்லை. தசை தளர்கிறது, கலன் விரிகிறது, அமுக்கம் இறங்குகிறது. ரோபசின் என்ற பெயரிலும் இது ஐரோப்பாவில் மருந்தாகப் பயன்பட்டது.

அதே வேரிலிருந்து 1952இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் இன்னொரு அல்கலொயிட்டைப் பிரித்தார்கள். அதுதான் ரிசேர்ப்பின். அதன் வழி வேறு. நரம்பு முனையில் உள்ள சிறு புடகங்களில் நோர்அதிரினலின் சேமிக்கப்படுவதையே அது தடுத்துவிடும். களஞ்சியம் வெறுமையானால் கட்டளை அனுப்ப எதுவும் இராது. இதற்கு முன்பே 1949இல் பம்பாயின் இருதய நோய் நிபுணர் ருஸ்தம் ஜால் வகீல், சர்ப்பகந்தா வேரை உயர் குருதியமுக்கமுள்ள 50 நோயாளர்களுக்குக் கொடுத்துப் பெற்ற முடிவுகளை ஒரு பிரித்தானிய இருதய மருத்துவ இதழில் வெளியிட்டு, உலகின் கவனத்தை அந்த வேரின் பக்கம் திருப்பியிருந்தார். உயர் குருதியமுக்கத்துக்கு நல்ல மருந்துகள் மிக அரிதாக இருந்த காலத்தில், இந்த வேர் உலகெங்கும் பல்லாயிரம் உயிர்களுக்கு உதவியது.

மறைக்கக்கூடாத மறுபக்கம்

இத்துடன் நிறுத்திவிட்டால் நானும் பாதி உண்மையைத்தான் சொன்னவளாவேன். ரிசேர்ப்பின் உட்கொண்ட சிலருக்கு மூக்கடைப்பும் சோர்வும் மட்டுமன்றி, கடும் மனச்சோர்வும் ஏற்பட்டது. பாதுகாப்பான புதிய மருந்துகள் வந்தபின் அதன் பயன்பாடு பெரிதும் குறைந்துவிட்டது. வேரும் மண்ணில் குறைந்துவிட்டது. கணக்கின்றித் தோண்டியதால், சர்வதேச வர்த்தகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட தாவரங்களின் பட்டியலில் சர்ப்பகந்தா இன்று இடம்பெற்றிருக்கிறது.

இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று எண்ணிவிடக்கூடாது. நம் முற்றத்தில் பூக்கும் பட்டிப்பூவின் வேரிலும் அஜ்மலிசின் இருக்கிறது. அதே செடியின் இலையிலிருந்து புற்றுநோய்க்கான கடுமையான மருந்துகள் எடுக்கப்படுகின்றன. அதற்காக அதைப் பிடுங்கிக் கஷாயம் வைத்துவிட முடியுமா? ஒரு செடியின் வேரில் எவ்வளவு இருக்கிறது, பக்கத்துச் செடியில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஏற்கனவே குளிசை எடுக்கும் ஒருவர் அதே வேலையைச் செய்யும் வேரையும் குடித்தால், அமுக்கம் அளவுக்கு மீறி இறங்கி மயங்கி விழலாம். அளவு தெரிந்தால்தான் மருந்து. அந்த அளவை அறியத்தான் அஜ்மல் கான் ஆய்வுகூடம் கேட்டார்.

நிலைத்த பெயர்

ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி பின்னர் வேம்பின் சேர்வைகளை ஆராய்ந்தார். பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் விஞ்ஞான ஆய்வு நிறுவனங்களைக் கட்டியெழுப்பினார். 1961இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1994இல் கராச்சியில் காலமானார். அவர் தன் பெயரை எந்தப் பளிங்குக்கும் வைக்கவில்லை.

அஜ்மலைன் இன்றும் இருதய வைத்தியசாலைகளில் பயன்படுகிறது. திடீர் மரணத்தை ஏற்படுத்தக்கூடிய புருகாடா என்ற பரம்பரை இருதயக் கோளாறு மறைந்திருக்கிறதா என்று அறிய, வைத்தியர்களின் கண்காணிப்பில் அதை ஊசி மூலம் ஏற்றி, இருதயத்தின் மின் வரைபைக் கவனிப்பார்கள். அங்கே அந்தப் பெயரை உச்சரிக்கும் பலருக்கு டில்லியின் பல்லிமாரான் தெருவைத் தெரிந்திருக்காது. இருதய நோயால் மறைந்த ஒரு ஹகீமின் பெயர் இருதயங்களைக் காக்கும் வேலையில் இருக்கிறது. ஸதகத்துல் ஜாரியா என்று நாம் சொல்லும் நிலையான தர்மத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நோயைத் தந்த இறைவன் மருந்தையும் வைத்திருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. அது எங்கே, எந்த வேரில், எவ்வளவு என்று தேடுவது நம் கடமை. அஜ்மல் கான் தன் முன்னோரை மதித்தார். அதனால்தான் அவர்கள் விட்டுச்சென்றதைச் சோதிக்கத் துணிந்தார். சோதனையில் அந்த வேர் தோற்றிருந்தாலும், தேறியிருந்தாலும், உண்மை வெளிவந்திருக்கும். மறைத்து வைப்பதால் மட்டும் எந்த உண்மையும் வெளிவராது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யூனானி மருத்துவம் இன்று பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. நம் சகோதரிகள் பலர் அங்கே பயில்கிறார்கள். அஜ்மல் கான் விட்ட இடத்திலிருந்து தொடரும் வேலை அவர்களுக்கும், விஞ்ஞானம் கற்கும் நமக்கும் மீதமிருக்கிறது.

இதை எழுதுவதற்காகப் படிக்கத் தொடங்கிய பின்னர் ஒரு சிறு காரியம் செய்தேன். உம்மும்மாவுடன் உட்கார்ந்து, கீழ்த்தட்டுப் போத்தல்கள் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பெயரெழுதி ஒட்டினேன். இரண்டுக்கு அவருக்கே பெயர் தெரியவில்லை. அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டோம். மற்றவற்றின் பட்டியலைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த கிளினிக் நாளில், இன்ஷா அல்லாஹ், அதை நானே வைத்தியரிடம் நீட்டுவேன். ஏசினால் ஏசட்டும் என்று உம்மும்மாவும் சம்மதித்துவிட்டார்.